வாயில் இருக்கும் குழாய்

ஒருவருக்கு மூச்சைக் கொடுக்க வேண்டி வந்தால் எதைக் கொடுப்பது? தனியாக எடுத்து வைத்ததையா, தான் இழுத்துக்கொண்டிருப்பதையா? துறைமுகத்தில் முடிச்சு என்று அழைக்கப்பட்ட மனிதரின் வாழ்க்கை இதைத்தான் கேட்டது. கயிறோ குழாயோ, நீளமாக எதைக் கண்டாலும் சுருட்டிக் கட்டிவிடுவார்; அதனால் அந்தப் பெயர். தண்ணீருக்குள் இறங்கி, கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது வேலை. கூட இறங்குபவர் தங்கையின் கணவர்.

முதுகுச் சிலிண்டரிலிருந்து எல்லாரையும் போல அவருக்கும் இரண்டு காற்றுக் குழாய்கள். குட்டையானது தன் வாய்க்கு. மஞ்சள் நிறத்தது, கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் நீட்டுவதற்கு. மார்பில் ஒரு கொக்கியில் தொங்கும். பன்னிரண்டு வருடம் அதற்கு வேலை வரவில்லை.

ஒரு காலை, கப்பலுக்கு அடியில் மாப்பிள்ளைக்குக் காற்று நின்றது. அளவு காட்டும் முள் பாதியிலேயே சிக்கியிருந்ததால் முன்கூட்டித் தெரியவில்லை. அவர் மஞ்சள் குழாயைத் தேடவில்லை. நேராக வந்து முடிச்சின் வாயில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். முடிச்சு மார்பைத் தடவினார். கொக்கி காலி. மூன்றாவது துழாவலில் மஞ்சள் குழாய் முதுகுப்பக்கம் கிடைத்தது. முதல் மூச்சில் பாதி சேறு. நெற்றியோடு நெற்றி இடித்தபடி இருவரும் மேலே வந்தார்கள்.

"மச்சான், இன்னிக்குப் பல்லு தேய்ச்சீங்களா?" என்றார் மாப்பிள்ளை, படகைப் பிடித்துக்கொண்டு.

வீட்டில் தங்கை சிரிக்கவில்லை. "மஞ்சளா ஒண்ணு தொங்குமே, அத எடுக்க வேண்டியதுதானே?"

"அது வேலை செய்யுமான்னு யாருக்குத் தெரியும்? உங்கண்ணன் வாயில இருந்தது செஞ்சுட்டிருந்துச்சு."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "இதுக்கு ஒரு வழி பண்ணுங்கண்ணே. அத என் கண்ணால பாக்காம இவர இனிமே தண்ணியில விடமாட்டேன்."

கொடுப்பது என்றாலே மிச்சத்திலிருந்து கொடுப்பதைத்தான் நினைக்கிறோம். பயந்தவனுக்கு மிச்சத்தில் நம்பிக்கை இல்லை. முடிச்சு இப்படியெல்லாம் யோசித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. சாப்பாட்டு மேசையில் குழாய்களைப் பரப்பி இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வாய்க்கு இரண்டு மீட்டர் குழாயைத் தேர்ந்தெடுத்தார். அது வலது அக்குளுக்குக் கீழே வந்து, மார்பைக் கடந்து, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். பிடுங்க வருபவருக்கு அதையே கொடுத்துவிடுவது. தனக்கு ஒரு குட்டைக் குழாய், ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே.

"என்ன முடிச்சு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சவா?" என்று கேட்டார்கள் துறைமுகத்தில்.

நீச்சல் குளத்தில் சோதனை. தங்கை கரையில் உட்கார்ந்துகொண்டாள். எப்போது என்று சொல்லாமல் பிடுங்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. மாப்பிள்ளை பிடுங்கினார். குழாய் ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. முடிச்சின் தலை கூடவே இழுபட்டது. மேலே வந்து பார்த்தால், உபரி நீளத்தை அழகாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"குடுக்கிறதையும் கட்டி வச்சா எப்படிண்ணே குடுப்பீங்க?"

முடிச்சு ரப்பர் பேண்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அடுத்த முறை குழாய் தடையின்றி அவிழ்ந்தது. முடிச்சு தாடையைத் தாழ்த்தினார். குட்டைக் குழாய் அவர் வாயில் இருந்தது. ஆளுக்கொரு பக்கமாக, இடிக்காமல், குளத்தின் மறுகோடி வரை நீந்திப் போனார்கள். அத்தனை நேரமும் தங்கையும் மூச்சைப் பிடித்திருந்தாள் போலிருக்கிறது.

"அப்பாடா," என்றாள். "போய்த் தொலைங்க ரெண்டு பேரும்."

மாப்பிள்ளை மறுநாளே வேலைக்கு இறங்கினார். மேலும் பத்து வருடம் இருவரும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறினார்கள்.

வயதான பிறகு முடிச்சு ஒரு மீன் காட்சியகத்தில், பெரிய தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைத்தார். தொட்டிக்குள் அவர் ஒருவர்தான். குட்டைக் குழாயே போதும், நீளமானது பாறையில் மாட்டும் என்றார் மேலாளர். முடிச்சு அந்த இரண்டு மீட்டர் குழாயையே சுற்றிக்கொண்டார், எங்கும் கட்டாமல்.

"உள்ள மீனுதான் இருக்கு. யாருக்கு மச்சான் இது?" என்று கேட்டார், பார்க்க வந்த மாப்பிள்ளை.

முடிச்சு, ஆவி படியாமலிருக்க முகக் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவி மாட்டிக்கொண்டு, உள்ளே இறங்கினார்.