வெறும் வயிறு

எனக்கு வெள்ளை உடுப்பு கொடுத்த பிறகு என் வாய்க்கும் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று ஒருவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். உத்திரமேரூரைச் சுற்றியிருக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் எனக்கு ஒப்பந்த நர்ஸ் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டுத் தொலைத்தேன்: "சிஸ்டர், டிரிப்ஸ் ஸ்டாண்டு எங்க கீது?"

அவர் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "கீதுன்னா என்னம்மா? கீரிப்பிள்ளைக்குத் தங்கச்சியா?"

படுத்துக்கிடந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு ஆள்கூட வீட்டில் 'இருக்கிறது' என்று பேசுகிறவன் இல்லை. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு ஒரு கிழவர் குலுங்கிச் சிரித்ததை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

பெரிய சிஸ்டர் தெற்கே எங்கிருந்தோ வந்தவர். மடிப்புக் கலையாத புடவை, மடிப்புக் கலையாத தமிழ். என் அப்பாவும் அம்மாவும் சாலவாக்கம் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அது அவருக்கு நான் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. "நீ இப்படிப் பேசினா பேஷண்ட் உன்னை வார்டு பெருக்குற ஆள்னு நினைச்சிடும்" என்று அடிக்கடி சொல்வார். வார்டு பெருக்குகிற அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அதைப் பற்றிப் பெரிய சிஸ்டருக்கு ஒரு கவலையும் இல்லை.

நான் திருப்பிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற காகிதம் அவர் கையெழுத்தோடுதான் மேலே போகும். அதனால் இரண்டே மாதத்தில் வாயைக் கழுவிக்கொண்டேன். சோறு என்று சொல்லக்கூடாது, உணவு. முழுங்கு என்று சொல்லக்கூடாது, எடுத்துக்கோங்க. ஆபரேஷனுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வியைக்கூட அவரே சொல்லிக்கொடுத்தார்: "காலையில் உணவு ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?" எனக்கு முன்னால் அந்த வார்டில் இருந்து ஓய்வுபெற்றுப் போன நர்ஸ், "பச்சத்தண்ணி பல்லுல பட்டுதுன்னு தெரிஞ்சிது, தொலைச்சிடுவேன்" என்று விரலை ஆட்டி மிரட்டுவாராம். அதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்பது பெரிய சிஸ்டரின் கட்சி. வீட்டில் என் அம்மா, "இன்னாடி, நியூஸ் படிக்கிறவ மாதிரி பேசிக்கினு கீற?" என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆடி மாதத்தில்தான் அவள் வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாய். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்திருந்தார்கள். இன்னொரு குழந்தை வயிற்றில் தங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை நான் படித்தேன். அவள் புருஷனும் படித்திருந்தான். படித்துவிட்டு, ஆண்பிள்ளை பிறக்காமல் ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தால் வெட்டிப் போடுவேன் என்றானாம். அவன் லாரி ஓட்டுகிறவன். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பிவரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

அவன் கிளம்பியதும் அவள் மாமியாரிடம் போய், அம்மா வீட்டுத் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆடியில் அதற்கு எந்த மாமியாரும் மறுப்புச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். திங்கட்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன். மாதத்தில் இரண்டு திங்கள்தான் அது உண்டு. வெளியிலிருந்து சர்ஜனும் மயக்க டாக்டரும் வந்து, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த முறை என்றால் புருஷன் வந்துவிடுவான். ஆக அவளுக்கு இருந்தது அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும்தான். அதை என்னிடம் அவளே சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு வுட்டா எனக்கு நாதியில்ல சிஸ்டர்" என்றாள்.

சனிக்கிழமை பேர் எழுத வந்தபோதே, திங்கட்கிழமை காலையில் உணவு எடுத்துக்காமல் வாங்க என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். இப்போது கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய சிஸ்டர் காதில் விழும்படி, அழகாகக் கேட்டேன்: "காலையில் உணவு ஏதாவது எடுத்துக்கிட்டீங்களா?"

அவள் முழித்தாள். கொஞ்சம் இறங்கி வந்தேன். "சாப்ட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். ஒண்ணும் சாப்புடல."

வெறும் வயிறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவளைத் தியேட்டருக்குள் கொண்டுபோனோம். மேசையில் படுக்க வைத்துக் கையில் ஊசி குத்தியாயிற்று. மயக்க டாக்டர் மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அவள் தலைமாட்டில் நின்று முடியைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் ஏப்பம் விட்டாள்.

கேழ்வரகும் மோரும் சின்ன வெங்காயமும். முதல் நாள் கரைத்து மறுநாள் புளித்த கூழின் வாடை. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போன பத்து வருஷமும் என் வயிற்றில் அதுதான் இருந்தது. வயிற்றில் அவ்வளவை வைத்துக்கொண்டு மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும். ஆள் மேசையிலேயே போய்விடலாம்.

"சார், நில்லுங்க" என்று கத்தினேன். அப்புறம் குனிந்து அவளைக் கேட்டேன். கழுவிய தமிழெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "ஏய், காலைல இன்னா குடிச்ச?"

"கூழு. நேத்து அம்மனுக்கு ஊத்துனது மீந்து கீது இல்ல, அத்த ரெண்டு சொம்பு குடிச்சேன். தெம்பா இருக்கும்னு எங்கம்மா குடுத்துச்சி."

"சாப்டலன்னு சொன்னியே!"

"ஆமா, சாப்புடல. கூழுதான குடிச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கூழைச் சாப்பிட மாட்டோம், குடிப்போம். இட்லியும் சோறும்தான் சாப்பிடுவது. காலையில் கூழ் குடித்துவிட்டுக் கழனிக்குப் போன என் அம்மாவை மத்தியானம் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லும். இது தெற்கத்திப் பெரிய சிஸ்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். சர்ஜனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கட்டடத்தில் படித்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான். நான்தான் 'உணவு' என்று கேட்டேன்.

மயக்க டாக்டர் சிரிஞ்சை டிரேயில் போட்டார். சர்ஜன் என்னைப் பார்த்து, "ஒரு கேள்வி ஒழுங்காக் கேக்கத் தெரியாதா உனக்கு? எங்கிருந்து பொறுக்கிட்டு வராங்க உங்களை எல்லாம்?" என்றார். நான் அதைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கெஞ்சினேன். ஆறு மணி நேரம் பொறுத்தால் வயிறு காலியாகிவிடும், சாயங்காலம் செய்யலாம், அவளுக்கு இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை, ரத்தம் கொட்டிய காகிதம் ஃபைலில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நான் ரெண்டு மணிக்கு அங்க இருக்கணும்மா. அடுத்த கேஸை எடு" என்றார். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கைராசிக்காரர் என்று ஊரில் பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளியே வராந்தாவில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டது.

"தண்ணி கூட குடிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுப்பேனா? உன் மூஞ்சியப் பாத்தா நம்ம பக்கத்துப் பொண்ணாத்தான கீது? நீ கூழே குடிச்சதில்லயா?"

நான் பதில் சொல்வதற்குள் பெரிய சிஸ்டர் வந்தார். "பாருங்கம்மா, இங்க கத்தாதீங்க. உங்களுக்காகத்தான் நாங்க எல்லாம் இருக்கோம். நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கணும் இல்லையா?" என்று தேன் ஒழுகச் சொன்னார். அந்த அம்மா அப்படியே அடங்கிக் கைகூப்பியது. எனக்கு அந்தக் கூப்பிய கையைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு மெமோ எழுதினார். 'பேஷண்டிடம் கொச்சையாகப் பேசினார்' என்று அதில் ஒரு வரி. கேள்வியைத் தப்பாகக் கேட்டதற்கு ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் கேள்வி அவருடையது. அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸுக்கு அவள் நடந்து போனதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடி, புருஷன் திரும்பிவர இன்னும் நாள் இருக்கிறதே, வேறு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. என் மெமோவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. அவள் ஊர் சுகாதார நர்ஸுக்கு போன் போட்டேன். லாரி சீக்கிரமே வந்துவிட்டதாம், அவளை அவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

அதன்பிறகு நான் யாரிடமும் உணவு என்று கேட்டதில்லை. இன்னா சாப்ட்ட, இன்னா குடிச்ச, டீ, காப்பி, கூழு, கஞ்சி, வெத்தலை எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டேன். பெரிய சிஸ்டர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று இருந்துவிட்டேன். திருந்திவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை. கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தேன். எட்டாவது ஆளாக அவள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருப்பு. கையில் புது கர்ப்பிணி கார்டு. என்னைப் பார்த்ததும் நீட்டியிருந்த கையை இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட வேணாம். அந்த சிஸ்டர் வரட்டும்" என்றாள்.

பெரிய சிஸ்டர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் தோளில் கைவைத்து, அதே தேன் குரலில், "வாங்கம்மா, சந்தோஷமான விஷயம்தானே, ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கீங்க? இது எத்தனாவது குழந்தை?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அத்த அவங்களாண்ட கேளு."

பெரிய சிஸ்டர் ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்பினார். நான் அவள் கையிலிருந்து கார்டை வாங்கி, எத்தனாவது கர்ப்பம் என்று இருந்த கட்டத்தில் நான்கு என்று எழுதினேன்.