எதை வைத்துச் சொல்கிறாய்

1. கல்யாணமாகி இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உடலுறவில் எனக்கு நிறைவு கிடைப்பதில்லை என்று என் கணவரிடம் சொன்னேன்.
2. அவர் ஒரு கேள்வி கேட்டார். என் பதிலை நம்பவில்லை.
3. தன் ஊரான கல்லாவிக்குப் போனபோது தன் அக்காவிடம் சொன்னார்.
4. அக்கா என் அம்மாவுக்கு போன் செய்தார்.
5. பாரூரில் என் அம்மா வீட்டில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசியது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் கடைசி வரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
6. அவர் நிரந்தர நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வரிசையாக எழுதினால் எல்லாம் சின்னதாகத் தெரிகிறது.

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அவருக்குக் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில், இன்னொரு கம்பெனியில் அதே வேலை. பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பேரும் மைக்ரோமீட்டரைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இன்றும் பிடிக்கும். அவர் குடிப்பதில்லை, கத்துவதில்லை, நான் களைத்து வந்தால் வெங்காயம் நறுக்கித் தருவார். அம்மாவிடம் இதையெல்லாம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் வாய் திறந்ததற்கு ஒரு கேண்டீன் பேச்சு காரணம். அசெம்பிளியில் வேலை செய்யும் ஓர் அக்கா, சாப்பிடும்போது தன் புருஷனைப் பற்றிச் சொன்னார்: “எங்க வீட்டுக்காரரு கம்பெனி பஸ் ஏறுற மாதிரிடீ. அடிச்சுப் புடிச்சு ஏறுவாரு, ஏறுனதும் தூங்கிடுவாரு.” மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு, இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அந்த அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “உனக்கு இன்னும் வயசு பத்தல பாப்பா” என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காலை மீட்டிங்கில் குறையைச் சொல்லும்போது ஆளைச் சுட்டக் கூடாது. இன்னார் தப்பு செய்தார் என்று ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார், குறை அங்கேயே இருக்கும். என் கணவரும் தினமும் அப்படிப் பேசுகிறவர்தான். அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். அந்த ஞாயிறு மதியம் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தோம்.

“ஏங்க, ஒண்ணு சொல்லணும். உங்க மேல குறை இல்ல. உங்களுக்கு முடிஞ்சிடுது, எனக்கு ஆரம்பிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் மெதுவா, எனக்கு எது புடிக்குதுன்னு கேட்டீங்கன்னா…”

அவர் கை நின்றது. “எதை வெச்சு சொல்ற?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கோபப்படாமல் விளக்கினார்.

“ஒண்ணு குறையா இருக்குன்னு சொல்லணும்னா மாஸ்டர் பீஸ் வேணும்ல. அதோட வெச்சுப் பாத்தாத்தான சொல்ல முடியும்? உனக்கு அது எங்கிருந்து வந்துச்சு?”

மாஸ்டர் பீஸ் என்பது அளவு சரியாக இருக்கும் மாதிரித் துண்டு. அதோடு ஒப்பிட்டுத்தான் நாங்கள் மற்ற துண்டுகளைத் தள்ளுவதும் கொள்ளுவதும். எங்கள் வேலையின்படி அவர் கேள்வியில் தவறு இல்லை. கல்யாணத்துக்கு முன்பே எனக்கு யாரோடோ உறவு இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் அந்த வழியாகத்தான் வந்தார்.

“பசி அடங்கலன்னு தெரிஞ்சிக்க இன்னொரு வீட்ல சாப்ட்ருக்கணுமா?” என்றேன்.

அவர் தோல்களை அள்ளிக்கொண்டு எழுந்து போனார். அன்று பாத்திரம் எல்லாவற்றையும் அவரே கழுவினார்.

அவருடைய அக்கா அம்மாவிடம் போனில் சொன்னது ஒரே வரி: “உங்க பொண்ணுக்கு என்னமோ பத்தலையாமே.” மறுநாளே அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி ஓசூர் வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் என் செல்போனை வாங்கிப் பார்த்தார். கம்பெனியில் யாராவது உண்டா என்று கேட்டார். அவரும் அதே மாஸ்டர் பீஸைத்தான் தேடினார். கிருஷ்ணகிரியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மாதவிடாய் சரியாக வருகிறதா என்று கேட்டார், குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

பாரூரில் கூடியபோது அப்பா அணைத்துவைத்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் இடத்தில் கண்ட பேச்சும் காதில் விழும், வேலையை நிறுத்திவிடலாம் என்று பெரியப்பா யோசனை சொன்னார். என் கணவர் அப்போதுதான் வாய் திறந்தார்: “வேலைய விடச் சொல்லாதீங்க.” அந்த நிமிஷம் அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. அவருடைய அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நாங்களும் குடும்பம் நடத்துனவங்கதான். சோத்துக்குக் கேட்டிருக்கோம், துணிக்குக் கேட்டிருக்கோம். இதுக்குன்னு யாரும் கேட்டதில்ல.”

அதில் கோபம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் பைக் எடுக்க முன்னால் போய்விட, அம்மா என்னோடு ஏரிக் கால்வாய் ஓரமாக ரோடு வரை நடந்துவந்தார். கரும்பு லோடு ஒன்று போகட்டும் என்று ஒதுங்கி நின்றோம். அது போன பிறகும் அம்மா நடக்கவில்லை.

“நீ சொல்றியே, அப்படி ஒண்ணு நெசமாவே இருக்கா கண்ணு?”

“இருக்கும்மா.”

“எப்படி இருக்கும்?”

“எனக்கும் முழுசாத் தெரியாது. இருக்குன்னு மட்டும் தெரியும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு ஒடம்பு நோவாம இருந்தா, அன்னிக்கு நல்ல நாளுன்னு நெனச்சிக்குவேன்” என்றார். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் சொன்ன ஒரே அறிவுரை நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார். அன்று அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தன்னிடம் இருந்ததை முழுவதுமாக எனக்குக் கொடுத்திருக்கிறார்.

எதிரே பைக் வந்தது. அம்மா உடனே குரலை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு மோர் வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த மாதம் என் கணவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார். கல்லாவியிலும் பாரூரிலும் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்போது நிலைமை இதுதான். ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். பால் வாங்கியாயிற்று, சிலிண்டர் பதிய வேண்டும் என்று வாசலில் சொல்வேன், ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதுபோல. நான் எழுந்த படுக்கையில் அவர் படுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவிக்குப் போய்விடுகிறார். பிரிவதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவர் என்னைத் தொடுவதில்லை. நான் திரும்பக் கேட்கவில்லை.