பனிமலைக்கு ஒரு பிராது

எனக்கு எழுத்து அதிகம் வராது. என் தம்பி மலையில் தொலைந்துபோனான். திரும்பி வந்தான். அதைச் சொல்கிறேன்.

2006, ஆடி மாதம். தம்பி செல்வத்துக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் நார்வே நாட்டில் நின்றபோது போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு மலை ஏறப் போறோம். ஸ்லோகென்னு பேரு. கடல்லேருந்து நேரா நிக்குது."

"மேல எந்த சாமிடா?"

"சாமியெல்லாம் இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு ஏறுற?"

சிரித்தான். நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்குழம்பு ஊற்றும்போதும் எனக்கு அதே யோசனை. சாமி இல்லாத மலையில் என்னதான் இருக்கும்?

அடுத்த போன் அவன் கூட்டாளியிடமிருந்து வந்தது. இறங்கும்போது மூடுபனி. செல்வத்தை மட்டும் காணவில்லை.

அழுகை வரவில்லை. கை மண்ணைக்கூடக் கழுவாமல் மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே நம் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராதாக எழுதி, முனியப்பர் முன்னால் வேலில் கட்டுவது வழக்கம். எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்கபடிதான் பிராதுக் கட்டணம். எழுதிக் கொடுப்பவர் தூரம் கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"நார்வேங்க. தூரம் தெரியாது. பனி கொட்டுற ஊராம்."

"முனியப்பருக்கு ஒரு ஸ்வெட்டரும் சேத்துக் கட்டுக்கா!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. சிரித்தார்கள். எழுதுபவர் சிரிக்கவில்லை.

"தூரத்த அவரே பாத்துக்குவாரு" என்று சொல்லிப் பிராதை எழுதிக் கொடுத்தார்.

கட்டிவிட்டு சன்னதியில் நின்றேன். நம் அப்பன் கொளஞ்சியப்பருக்கு முகம் இல்லை. கை கால் இல்லை. வெறும் கல். "வழி காட்டு" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் செல்வமே பேசினான்.

"எங்க பாத்தாலும் ஒரே வெள்ளையா இருந்துச்சுக்கா. ஒண்ணும் தெரியல. உக்காந்துட்டேன். அப்புறம் கொஞ்சம் பனி வெலகுச்சு. எதிர்ல கல்லு அடுக்கி வச்சிருந்துச்சு. அதுகிட்ட போனா கீழ இன்னொண்ணு தெரிஞ்சுது. அப்படியே எறங்கிட்டேன்."

முன்னால் ஏறியவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரிய அடுக்கி வைப்பார்களாம். நான் பிராது கட்டிய நேரமும் பனி விலகிய நேரமும் ஒன்றா என்று கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

பொங்கலுக்கு வந்தான். குறை தீர்ந்தால் பிராதைத் திரும்ப வாங்க வேண்டும். இருவரும் போனோம். அலங்காரத்துக்கு முந்தின நேரம். சாமி கல்லாகவே நின்றார். செல்வம் நகரவில்லை.

"என்னடா?"

"அந்த மலைக் கல்லும் இதே ஒசரந்தான்க்கா. இப்படித்தான் நின்னுச்சு."

இப்போது எந்த மலைப் படத்தைப் பார்த்தாலும் கல்லைத் தேடுகிறேன். சாமி இல்லாத மலை என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். வழி தெரியாமல் நிற்கிறீர்களா? வாருங்கள், எழுதிக் கட்டுங்கள். தூரம் தெரியாவிட்டாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.