பாவாடையில் வந்த பாற்குடம்

பழுகாமத்துத் தனுஷியா எந்தப் படத்தையும் பாதிதான் செய்வாள். வெறும் கோடுகளைத் தாளில் அச்சிட்டு, துணியின்மேல் வைத்துச் சூட்டு இயந்திரத்தால் அழுத்துவாள். தாளை உரித்தால் கோடுகள் துணியில் இருக்கும். நடுவே உள்ள வெள்ளைக்கு வாங்குகிறவர்களே தூரிகையால் விரும்பிய நிறம் தீட்டலாம். பத்து வருடம் ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்தவளுக்கு அந்தத் தாளை உரிக்கும் நேரம் இன்னும் அதிசயம்தான். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

அம்மன் சடங்கில் பாற்குடம் எடுக்கும் ஒன்பது சிறுமிகளின் வெள்ளைப் பாவாடைகளைப் பாலர் பாடசாலை ஆசிரியை நிருஷா கொண்டுவந்தாள். விளிம்பைச் சுற்றிப் பாற்குடம் சுமந்த பெண்கள் வலம் வருவதுபோல் படம் வேண்டும். நிறமும் தனுஷியாவே தீட்ட வேண்டும்.

துணியில் படம் இடம்வலம் மாறி விழும். அதனால் கணினியில் திருப்பித்தான் அச்சிட வேண்டும். தனுஷியா அதிபுத்திசாலித்தனமாகக் கையாலேயே திருப்பி வரைந்தாள். பிறகு பழக்கத்தில் கணினியிலும் திருப்பினாள். ஒன்பதையும் அழுத்தி முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. பெண்கள் எல்லாரும் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். செத்த வீட்டில்தான் அப்படிச் சுற்றுவார்கள்.

மறுநாள் காலை பவனி. ஒட்டிய கோடு இனி உரியாது. நாளைக்கு ஊர் முழுக்கப் பார்க்கப்போகிறதே! ஆத்திரத்தில் கறுப்பு வர்ணத்தைத் தொட்டு, தப்பான பக்கம் பார்த்த ஒரு முகத்தைக் கண், மூக்கோடு சேர்த்து அப்பினாள்.

அப்பிய கை அப்படியே நின்றது. முகம் இருந்த இடத்தில் தலைமுடி இருந்தது. குடத்தைப் பிடித்த கைகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்தப் பெண் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, பாவாடையின் உள்பக்கம் பார்த்து நின்றாள்.

"அம்மாளே!" என்றாள் தனுஷியா. மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினாள்.

பின்னேரம் நிருஷா தன் மகள் யதுஷாவோடு வந்தாள்.

"என்னகா இது? வலம் வரல்லயே?"

"வரல்லகா. வந்து சேந்துட்டாங்க. புள்ளைக்கு உடுத்திப் பார்."

நிருஷா முழங்காலிட்டு மகளின் இடுப்பில் நாடாவை முடிந்தாள். பிறகுதான் விளிம்பைப் பார்த்தாள். குடம் சுமந்த அத்தனை பெண்களும் சுற்றி நின்று, நடுவில் நின்ற ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிருஷா எழும்பவில்லை. அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

"அம்மா, என்னத்துக்கு என்னைக் கும்பிடுறீங்க?" என்று கேட்டாள் யதுஷா.