மலைக்கோட்டைப் படியில் ஒரு கைத்தட்டல்

வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சியைச் சுற்றிக் காட்டுவதென்றால் எனக்கு உற்சாகம் தாங்காது. ஒரே ஒருவருக்குத்தான் கோபத்தோடு சுற்றிக் காட்டினேன். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தவர், சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் வயலின் வாசித்ததைக் கண்ணை மூடிக் கேட்டார். அதுவரை அவரைப் பிடித்திருந்தது. பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறம் சென்னைக்கு வந்துடுங்க. இங்க இருந்துக்கிட்டு வாசிச்சா யாருக்குங்க தெரியும்?" என்றார்.

சுருக்கென்றது. ஆளையும் பிடித்திருக்கிறது, ஊரையும் விட முடியாது. நாளைக்கு என்னோடு ஊர் சுற்ற வாருங்கள், அதற்கப்புறம் பதில் சொல்கிறேன் என்றேன். அப்பா முறைத்ததைப் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

முதலில் திருவானைக்காவல். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, அம்பாளாகவே சுவாமி சன்னதிக்குப் போவார். முன்னால் நாகஸ்வரமும் தவிலும் போகும். அன்று கேட்க நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான், வாசிப்பில் அதனால் ஒரு குறையும் வைக்கவில்லை. இதை அவரிடம் அழுத்திச் சொன்னேன். "நல்லா இருக்கு" என்றார். பிறகு நெய் தோசை சாப்பிட்டபோதும் அதே "நல்லா இருக்கு". தவிலுக்கும் தோசைக்கும் ஒரே பாராட்டா என்று எனக்கு எரிச்சல்.

அங்கிருந்து பஸ் பிடித்து மலைக்கோட்டைக்குப் போனோம். பாறையைக் குடைந்த அந்தப் படிகளில் நான் எப்போதும் பாடிக்கொண்டேதான் ஏறுவேன். ஒரு சுரத்தைப் பிடித்தால் பாறை அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பித் தரும். இதைச் சொன்னதும் அவர் நின்று ஓங்கிக் கை தட்டினார். ஓர் இடத்தின் எதிரொலியை அவர் தொழிலில் அப்படித்தான் சோதிப்பார்களாம். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தட்டினார், மறுபடியும்.

அதே படிகளில் மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் கூட்டம் ஒன்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. சமயபுரத்தில் தரிசனம் முடித்து வந்தவர்கள். இவர் கும்மிக்குத் தாளம் எடுத்துக் கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் பாட்டெடுத்தாள், மற்றவர்கள் கை சேர்த்தார்கள், மாரியம்மன் பாட்டு பாறை முழுக்க நிறைந்தது. அவர் மெல்லக் கையை இறக்கப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க தம்பி, நீங்கதானே ஆரம்பிச்சு வச்சீங்க" என்றாள் பாட்டெடுத்தவள்.

பாவம், காது சிவக்கத் தட்டினார். நான் சும்மா இருப்பேனா? கூடவே பாடினேன். மேலிருந்து இறங்கியவர்களும் நின்று தட்டினார்கள். நீ யார், எந்த ஊர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என் ஊரை நினைத்து எனக்கு அப்படியொரு பெருமை.

பெண்கள் இறங்கிப் போனதும் நாங்கள் மேலேறி உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டோம். காவிரியும் அதற்கப்பால் எங்கள் ராஜகோபுரமும் தெரியும் பக்கமாகப் போய் நின்றோம். அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இந்த எதிரொலியை மெஷினில் கொண்டுவர நாளெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்றார். அடுத்து எங்கே "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"ஸ்ரீரங்கத்துல ரெக்கார்டிங் பண்ற மாதிரி வீடு பார்க்கணும்னா, எந்தத் தெருங்க சத்தமில்லாம இருக்கும்?"

"அப்படி ஒரு தெரு எங்க ஊர்ல இல்லீங்க" என்றேன். "விடிஞ்சா யாராவது பாடிக்கிட்டுதான் இருப்பாங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பார்க்கலாம்."