வெள்ளிக்கிழமை விளக்கிய வெண்கலம்

1931 பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை. விடிந்ததும் எஸ்டேட் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பினேன். பனி விலகியபின் களத்தில் காபிக்கொட்டையைப் பரப்ப வைத்தேன். பத்து மணிக்குத் துரையின் விருந்தாளிகள் இருவர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் பிரெஞ்சுப் பாதிரியார். மற்றவர் சென்னையில் பழம்பொருள்களை ஆராய்கிற வெள்ளைக்காரர்.

அவர்கள் பார்க்க வந்தது பங்களாக் கூடத்திலிருந்த வெண்கலச் சிலையை. ஒரு முழ உயரம். முதுகிலுள்ள அம்பறாத்தூணியிலிருந்து அம்பை உருவும் வேட்டைத் தெய்வம். பிரான்சில் பேர்பெற்ற பழைய சிற்பி ஒருவரே செய்தது என்பது பாதிரியாரின் கட்சி. அவர் வேலையைப் பார்த்துப் பிற்காலத்தில் வார்த்த நகல் என்பது மற்றவர் கட்சி. மேலே படிந்த பழுப்பைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

துரை மூடியிருந்த துணியை விலக்கினார். இடுப்புக்குக் கீழே சிலை பளபளவென்று மின்னியது.

பாத்திரம் விளக்கும் பெண்ணைப் பட்லர் கூட்டிவந்தார்.

“ஏம்புள்ள, தூசி தட்டச் சொன்னா குத்துவெளக்காட்டம் வெளக்கி வெச்சிருக்கற!”

“வெள்ளிக்கெழமைங்க. சாமிய அழுக்கோட உடலாமுங்களா? புளி போட்டுத்தானுங்க தேச்சேன். நீங்க கூப்புடாம இருந்தா மூஞ்சியும் முடிஞ்சிருக்கும்.”

“அது ஒண்ணுதான் கொறைச்சல்!”

அவளை வேலையிலிருந்து நிறுத்தும்படி துரை, ஆள்கணக்கு எழுதும் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஏனுங்க ரைட்டரய்யா, ஊட்டையும் காலி பண்ணோணுங்களா?”

வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

இதற்குள் விருந்தாளிகள் பூதக்கண்ணாடியோடு தரையில் மண்டியிட்டிருந்தார்கள். பழுப்பு போன முழங்காலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. சிற்பியின் உளி பட்ட தடம் என்றார் பாதிரியார். பட்டறை ஆள் அரம் போட்ட தடம் என்றார் மற்றவர். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். மயிரிழை மாதிரிச் சாய்வான கோடுகள். உளியா அரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. தோளிலும் இதே கோடுகள் உண்டா என்று தெரிந்தால் வழக்கு தீரும் என்றார்கள். தோளிலோ பழுப்பு அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு, துரை கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் பதிவேட்டில் அவள் பேரை அடிக்காமல் விட்டுவைத்தேன்.

மறுநாள் காலை, ஆட்களைப் பெயர் கூப்பிடுவதற்கும் முன்னால், துரை அவளை வரவழைத்தார். சிலையை வராந்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மீதியையும் தேய்க்கச் சொல் என்றார் என்னிடம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளிலிருந்து ஆரம்பித்தாள்.