அப்பனை அளந்து மகனுக்குத் தைத்தவர்

இலங்கையின் பதுளைக் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த புஹாரிக்கு ஒரு தலைவலி ஓயாமல் வந்தது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் அப்பன்மார், வேலையை விட்டு வரமுடியாத மகன்களுக்கும் தீபாவளிக்குக் கோட்டு கேட்பார்கள். "என் அளவுக்கே வெட்டுங்க" என்பார்கள். நெட்டையர்களின் மகன்களுக்குக் கோட்டு தொளதொளத்தது. குட்டையர்களின் மகன்களுக்கு இறுக்கிப் பிடித்தது.

1906இல் புஹாரி ஒரு காரியம் செய்தார். அப்பனும் வளர்ந்த மகனும் சேர்ந்து வந்தால் இருவர் உயரத்தையும் அளந்தார். துணி சுற்றி வந்த பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி, கீழ் ஓரத்தில் அப்பன் உயரம், பக்கவாட்டில் மகன் உயரம் என்று அங்குலம் குறித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு வருசத்தில் எண்பது புள்ளி. அவற்றின் ஊடே, மேலும் கீழும் புள்ளிகள் ஒப்பாக நிற்கும்படி ஒரு நூலை இழுத்துக் கட்டினார்.

நூல் மேலே ஏறியது. ஆனால் அவர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. நடுத்தர உயரம் அறுபத்துநாலு அங்குலம். அதைவிட அப்பன் நாலு அங்குலம் கூடினால் மகன் இரண்டுதான் கூடினான். நாலு குறைந்தால் இரண்டுதான் குறைந்தான்.

"பார்த்தியா, நெட்டையும் குட்டையும் நடுவைப் பார்த்துத் திரும்புது!" என்று மனைவி ஜெமீலாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருசம் ஸ்பிரிங்வெளித் தோட்டக் கங்காணி வீரசிங்கம் வந்தார். ஆறடி ஆள். பூனாகலையில் வேலை செய்யும் மகன் மாரிசாமிக்குக் கல்யாணக் கோட்டு வேண்டும். மாப்பிள்ளை முகூர்த்தத்தன்றுதான் வந்து சேருவான்.

"எழுபத்திரண்டு அங்குலத்துக்கு வெட்டுங்க, புஹாரி நானா. என் மகனாக்கும்!"

புஹாரி நூலைப் பார்த்து அறுபத்தெட்டுக்கு வெட்டினார். ஆனாலும் எல்லாப் புள்ளியும் நூலின்மேல் உட்காரவில்லையே! கையிலும் அடியிலும் கொஞ்சம் துணியை உள்ளே மடித்துவிட்டு, ஊசியோடு தானே கல்யாணத்துக்குப் போனார்.

மாரிசாமி போட்டுப் பார்த்தான். கை மட்டும் அரை அங்குலம் நீளம், மற்றபடி கச்சிதம். கங்காணிக்குத்தான் முகம் தொங்கியது. மகன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என்னடா இது, அஞ்சு அங்குலம் குறையுது?"

ஐந்தடிகூட இல்லாத அவர் மனைவி அங்கம்மா இடுப்பில் கைவைத்தாள். "இவனை நீங்க ஒண்டியாவா பெத்தீங்க?"

பந்தலே சிரித்தது, கங்காணியும் சிரித்துவிட்டார். புஹாரி மட்டும் திகைத்து நின்றார். எண்பது அப்பன்களை அளந்தவர் ஒரு தாயைப் பற்றிக்கூடக் கேட்கவில்லையே!

அடுத்த தீபாவளியிலிருந்து, மகனுக்குக் கோட்டு கேட்டு வந்தவர்களிடம், "சம்சாரம் எவ்வளவு உயரம்?" என்றும் கேட்டார். முதலில் முறைத்தார்கள். பிறகு தோள்வரை, காதுவரை என்று கையால் காட்டப் பழகிக்கொண்டார்கள்.